கூட்டத்தின் சத்தத்தை ஏற்றியவர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சவுண்டுக்காரரிடமிருந்து கிடைத்தது. சர்வாதிகாரி நாட்டைவிட்டு ஓடியதைக் கொண்டாட மைதானத்தில் நடந்த ராக் கச்சேரிக்கு ஒலி அமைத்தவர் அவர். அதன் ஒலிப்பதிவை அவரிடமே மாய்ந்து மாய்ந்து புகழ்ந்துகொண்டிருந்தேன். "பாட்டை விடுங்க சார், அந்த ஜனங்க சத்தம் இருக்கே, புல்லரிக்குது!"

அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். "அது சந்தோஷம் இல்ல சார்" என்றார்.

அதோடு விட்டிருந்தால் நான் மனுஷன். தோண்டித் துருவிக் கேட்டேன்.

2

ஆரம்பம் ஒன்று: "விடுதலை பெற்ற நகரத்தின் வானத்தில் கிடாரின் முதல் நரம்பு—"

சே! என்ன எழுத்து இது. அடித்துவிட்டேன்.

ஆரம்பம் இரண்டு: சாயங்கால வெயிலில், மைதானத்தின் நடுவே தகரக் கூரைக்குக் கீழே, சவுண்டுக்காரர் தன் கருவிகளோடு நின்றிருந்தார். பக்கத்தில் தங்கை. தடை நீங்கி அந்த இசைக்குழு முதன்முதலாக வாசிக்கப்போகிறது. அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"அண்ணா, இதை அமுக்கினா என்ன ஆகும்?"

"உன் வாய் மூடும். சும்மா தொணதொணக்காம முன்னாடி போய் நில்லு, போ."

போனாள்.

(சொன்னது பாசத்திலா, எரிச்சலிலா என்று கேட்டேன். "ரெண்டும்தான் சார்" என்றார். அண்ணன்மாருக்கு வேறு எப்படிப் பேச வரும்?)

3

ஒரு விஷயத்தை இங்கே விளக்கியாக வேண்டும். டிவி நேரலைக்காக, மேடை விளிம்பில் கூட்டத்தைப் பார்த்து சில மைக்குகளை வைப்பார்கள். அதில் விழும் சத்தம் மைதானத்து ஸ்பீக்கரில் வராது. வீட்டில் பார்ப்பவர்களுக்கும், ஹெட்போன் மாட்டிய சவுண்டுக்காரருக்கும்தான் கேட்கும். கூட்டம் மந்தமாகத் தெரிந்தால் அதை ஏற்றிவிடுவார்கள். எல்லாக் கச்சேரியிலும் செய்வதுதான்.

மூன்றாவது பாட்டின்போது பின்னாலிருந்து கூட்டம் நெருக்கியது.* முன்னால் நின்றவர்கள் இரும்புத் தடுப்பில் நசுங்கினார்கள். ஹெட்போனில் ஒரே இரைச்சல். டிவி டைரக்டர் அவர் காதுக்குள் துள்ளினார்: "ஜனங்க பின்றாங்கய்யா! ஏத்து, இன்னும் ஏத்து!"

ஏற்றினார். சிரித்துக்கொண்டே ஏற்றினார்.

அதற்குப் பிறகு மைதானத்தில் கிடந்த செருப்புகளை நான் வர்ணிக்க—

வேண்டாம். தங்கை செத்துப்போனாள். அவளோடு இன்னும் பலர். புது அரசாங்கம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது. விழா முடிந்து கலையும்போது ஏற்பட்ட நெரிசல் என்று அறிக்கை விட்டது. அந்த ஒலிப்பதிவு வருஷா வருஷம் அதே நாளில் வீடு வீடாக ஒலிக்கிறது.

* யாரோ வெளிக்கேட்டைத் திறந்துவிட்டார்கள். யார் என்று விசாரணைக் கமிஷன் இன்னும் விசாரிக்கிறது. அதற்கு ஆயுசு கெட்டி.

4

இனி அம்மா. சவுண்டுக்காரரின் அம்மாவை எழுதவே எனக்குத் தயக்கம். அரசாங்க அறிக்கையை இப்படி அட்சரம் பிசகாமல் நம்புகிற ஒருத்தி இருப்பாளா? அவள் முட்டாள் இல்லை. அந்த அறிக்கையை விட்டால் பிடித்துக்கொள்ள அவளுக்கு வேறு ஒன்றும் இல்லை.

"கலையும்போதுதானேடா போனா? அதுவரைக்கும் எவ்வளவு சந்தோஷமா இருந்திருப்பா என் கண்ணு" என்பாளாம், ஒவ்வொரு வருஷமும் டிவி முன்னால்.

இந்த வருஷம் அவளுக்குக் காது மந்தமாகிவிட்டது. மகனைக் கூப்பிட்டாள். "கூட்டத்தோட சத்தம் உன்கிட்ட தனியா இருக்காமே. காது சுத்தமா அடைஞ்சு போறதுக்குள்ள அதுல அவ குரலைத் தேடிக் குடுடா. ஒரு தடவை கேட்டாப் போதும்."

அவர் தேட வேண்டியதே இல்லை. டிரம்ஸ் கொஞ்சம் ஓய்கிற இடத்தில், "அண்ணா" என்று ஒரே ஒரு கூப்பாடு. அப்புறம் அவள் குரல் இல்லை.

5

முடிவு ஒன்று: "அதுல அவ குரல் இல்லம்மா." அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "எப்படிடா இல்லாமப் போகும்? வாயை மூடத் தெரியாத பொண்ணாச்சே!" அன்றிலிருந்து, மகள் அங்கே சந்தோஷமாகவே இல்லையோ என்று சதா புலம்புகிறாள்.

முடிவு இரண்டு: போட்டுக் காட்டுகிறார். அம்மா முகம் மலர்கிறது. "கேட்டியா, எவ்வளவு ஆசையா உன்னைக் கூப்பிடுறா!"

இதை என்னால் திருப்பிப் படிக்க முடியவில்லை.

முடிவு மூன்று: பெற்றவளுக்குப் பிள்ளையின் அலறல் தெரியாதா? ஹெட்போனைக் கழற்றிவிட்டு அம்மா மகனைப் பார்த்து

[வாக்கியம் இதற்கு மேல் போகவில்லை.]

6

"கடைசியில என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"இன்னும் ஒண்ணும் செய்யல சார். அம்மா காத்துக்கிட்டு இருக்காங்க. நீங்க கதை எழுதுறவராச்சே, என்ன செய்யலாம்னு சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுதி ஊரை ஏமாற்ற மனசு வரவில்லை. நான் எழுந்துகொள்கிறேன், அவர் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். குரல் வரும் இடத்தில் பதிவை நிறுத்தி வைத்திருக்கிறார். அம்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிவிட்டாள்.

"ஏன்டா முழிக்கிற? போடு."