பயாஸ் திருகு

"பேச்சுக்கும் இதே போதுமாம்மா?" என்று அண்ணன் கலியாணசுந்தரம் கேட்டபோது நான் வயர்லெஸ் ஆம்ப்ளிஃபயரின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "போதும்ணா" என்றேன். கூசாமல் சொன்னேன்.

போதாது என்று எனக்குத் தெரியும். அதை சி கிளாசில் கட்டியவளே நான். வால்வு பெரும்பாலும் தூங்கும். ஊஞ்சலைத் தள்ளிவிடுவதுபோல நேரம் பார்த்து ஒருமுறை விழிக்கும். தந்திக்கட்டையில் மோர்ஸ் தட்டினால் டில்லிவரை கேட்கும். ஆனால் அண்ணன் புதிதாக வாங்கிவந்த பேச்சுப் பெட்டியைச் சேர்த்தால் குரல் கந்தலாகிவிடும். பேச்சுக்கு ஏ.பி. கிளாஸ் வேண்டும், வால்வு எப்போதும் அரை விழிப்பிலாவது இருக்க வேண்டும். அந்த விழிப்பைக் கூட்டும் பயாஸ் திருகைக் கொஞ்சம் திருப்பினால் தீர்ந்தது.

வயர்லெஸ் லைசென்ஸ் அவன் பெயரில். ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் சோக் காயிலின் கம்பியைப் பட்டு சுற்றும் ராட்டினத்தில் சுற்றியது நான். தறியில் பாவு பிணைக்கும்போது எங்கள் வீட்டுப் பெண்கள் போடும் முடிச்சை அரக்கு நிறப் பட்டிழையில் அதன் நுனியில் போட்டேன். போன தையில் அந்த ஆம்ப்ளிஃபயருக்கு மெட்ராசில் பரிசு கிடைத்தது. படமெடுக்க வந்தவர்களிடம், "ஒண்டியாவே செஞ்சேன் சார்" என்றான். என்னிடம், "ஏலவார்குழலி, சாருக்குக் காப்பி எட்துனு வா" என்றான். அந்தக் காப்பி நாலு மாதமாக என் வயிற்றில் கொதித்தது.

இன்று எங்கள் ஊர்ப் பெருமாளுக்குக் கருட சேவை. கூட்டத்தில் தொலைகிற குழந்தைகளைத் தேட வயர்லெஸ் உதவுமா என்று பார்க்கத் தாசில்தாரே நாங்கள் செட்டை வைத்திருந்த பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார். கங்கைகொண்டான் மண்டபத்தில் அண்ணனின் நண்பன் வீரபத்திரன் இன்னொரு செட்டோடு இருந்தான். அண்ணன் மைக்கில் பேசினான்.

"இன்னாப்பா சொல்ற? கரகரன்னு இருக்குது, ஒண்ணும் புரியல" என்று பதில் வந்தது.

மறுபடி பேசினான். மறுபடியும் அதே பதில். தாசில்தார் கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எனக்கு இனித்தது, சத்தியமாக இனித்தது.

அவன் பவரை அணைத்து மூடியைக் கழற்றி அரக்கு முடிச்சைக் காட்டினான். "இத்த நான் செய்யல சார். பாருங்க, பொம்பளைங்க போடற முடிச்சு. எந்தங்கச்சி செஞ்சது."

நாலு மாதமாக நான் காத்திருந்த வார்த்தை. இப்படியா வர வேண்டும்?

மூடியை மாட்டினேன். பவரைப் போட்டு, மைக் பட்டனை அழுத்தியபடி திருகைத் திருப்பினேன். பூஜ்யத்தில் கிடந்த மீட்டர் முள் எழுந்தது.

"தெரிஞ்சேதான் போதும்னியா?" அண்ணனின் குரல் எனக்கு மட்டும் கேட்டது.

"ஆமாண்ணா" என்றேன். பிறகு மைக்கில், "கேக்குதா?" என்றேன்.

"நல்லா கேக்குதும்மா" என்றான் வீரபத்திரன். "யாரு பேசறது?"

தாசில்தார் என்னைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தான். நான் பட்டனை அழுத்தினேன். முள் மறுபடி எழுந்து நின்றது.