முன்வரிசை திரும்பிப் பார்த்தால்

முப்பத்தோராவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை, பாட்டுக்காரனின் குரல் ஒன்பது அடிக்கு மேல் போவதை நிறுத்திக்கொண்டது. கம்மவில்லை, கரகரக்கவில்லை. ஒன்பதாவது அடியில் நின்றவர்களுக்குப் பாட்டு முழுசாகக் கேட்டது. ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தால் கிதார் சத்தம் மட்டும் வந்தது, அவன் வாய் சும்மா அசைந்துகொண்டிருந்தது. தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். அவர் உட்கார்ந்திருந்தது இரண்டடி தூரத்தில், அவருக்கு எப்படிக் குறை தெரியும்? தெருவில் நாலு பேர் சேர்ந்து டேப் பிடித்து அளந்தார்கள். ஒன்பது அடி இரண்டு அங்குலம் என்று முடிவானது. அவனுக்கு ஒன்பதடி என்று பெயர் வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். அதே வாரம் மூன்றாம் நம்பர் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேச்சு.

அவனுடைய அக்கா ரிப்பேர் கடை வைத்திருந்தாள். மாடிப்படிக்கு அடியில், ஆம்ப்ளிஃபயரும் ரேடியோவும் ஊமையாய்ப்போன மைக்குகளும் கூரைவரை அடுக்கிய கடை. ஊரே அவளைச் சவுண்டக்கா என்றது. பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர், அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். கேட்டால், "அது வயசுக்கு இல்ல, கைவேலைக்கு" என்பார். அக்காவும் தம்பியும் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் குடியிருந்தார்கள். அம்மாவும் அப்பாவும் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் நீ முதலில், நீ முதலில் என்று ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டே இருந்ததில் இரண்டு பேருக்கும் வயது ஓடிவிட்டது. குரல் நின்ற அன்று அவன் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான். அவள் சால்டரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டு முழுசாகக் கேட்டாள். பிறகு, "ஒம்பது அடிவரைக்கும் நீ பாத்துக்கோ. அதுக்கப்புறம் நான் பாத்துக்கறேன்" என்றாள்.

ஒற்றை ஆள் ஒரு கிதாரோடு பாடுகிற கச்சேரிக்கு லாரியில் வந்து இறங்கும் சாமான் எதற்கு என்பது அவள் கட்சி. எந்த ஸ்பீக்கர் பெட்டியும் பதினொரு கிலோவைத் தாண்டக் கூடாது என்று முதல் நாளே சுவரில் எழுதிவைத்தாள். ஒரு கையில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏற அவளால் முடிந்த எடை அதுதான். நாலு பெட்டி செய்து நாலையும் உடைத்தாள். ஐந்தாவது நின்றது. மெல்லிய பிளைவுட், எட்டங்குல ஸ்பீக்கர் ஒன்று, அடிப்பக்கம் பேட்டரி, தலையில் இரண்டு முளை, காலில் இரண்டு குழி. ஒன்றின் தலையில் இன்னொன்று அசையாமல் உட்காரும். அறைக்கு ஒன்று, கூடத்துக்கு இரண்டு, திடலுக்கு நாலு. கூட்டம் பெருத்தால் பெட்டி பெருகும், சிறுத்தால் மிச்சப் பெட்டிகள் வீட்டில் தூங்கும். முதல் கச்சேரி ஒரு நூலகத்தின் மேல்மாடியில். கடைசி வரிசையில் இருந்தவர்கூட அவன் மூச்சு இழுப்பதைக் கேட்டார். மூட்டை கட்டும்போது தம்பி, "நீ ஒரு பாட்டாவது முன்னாடி உக்காந்து கேளேங்கா" என்றான். அவள் எப்போதும் கடைசி வரிசைக்குப் பின்னால், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரோடும் ஹெட்ஃபோனோடும்தான் இருப்பாள். "சிஸ்டம் சரியாகட்டும்டா, வர்றேன்" என்றாள். அந்த ஒரு வாக்கைத் தவிர அவள் யாரிடமும் எதையும் தள்ளிப்போட்டதில்லை.

சிஸ்டத்தில் ஒரு குறை இருக்கத்தான் செய்தது. மைக் கத்தியது. புது இடத்துக்குப் போனால் அவள் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவாள், எந்தச் சுருதியில் கூ என்று ஊளையிடுகிறதோ அதை மட்டும் வெட்டுவாள். தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஒரு சுருதி எல்லா இடத்திலும் கத்தியது. நூலகத்தில் கத்தியது, ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில் கத்தியது, சுவரே இல்லாத திடலில்கூடக் கத்தியது. சுவரில்லாத இடத்தில் ஏன் கத்த வேண்டும் என்று அவள் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை, வேலை தலைக்கு மேல் கிடந்தது. கம்பிச் சுருள் ஒன்றும் கண்டென்சர் ஒன்றும் வைத்து அந்தச் சுருதியை விழுங்குகிற ஃபில்டர் ஒன்றைக் கட்டி, காலியான தைல டப்பாவுக்குள் அடைத்து, மிக்சருக்குள் நிரந்தரமாகச் சால்டர் செய்துவிட்டாள். அதன்பின் சிஸ்டம் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சுருதி, தம்பி அவளை "அக்கா" என்று கூப்பிடும் சுருதி. பேசப் பழகிய நாளிலிருந்து அவன் அதை ஒரே மாதிரிதான் கூப்பிட்டான், பின்பாதியைக் கொஞ்சம் தூக்கி. ஊரார் கூப்பிடும் அக்காக்கள் எல்லாம் மைக்கில் தங்குதடையில்லாமல் போயின. அவன் கூப்பிட்டது மட்டும் டப்பாவுக்குள் போயிற்று.

ஒவ்வொரு கச்சேரியிலும் கடைசிப் பாட்டுக்கு முன்னால் அவன் கிதாரை மடியில் சாய்த்துவிட்டு, "அக்கா, போதும். முன்னாடி வந்து உக்காருங்க" என்பான். வீட்டில் நீ, வா, போ என்றுதான் பேசுவான். நாலு பேர் முன்னால் அக்காவுக்கு மரியாதை கொடுப்பது அவன் பழக்கம். அந்த மரியாதையே வினையாகிவிட்டது. பெட்டிகள் வழியாக அவளுக்குக் கேட்டது, "போதும். முன்னாடி வந்து உக்காருங்க" என்பது மட்டும். நிற்கிறவர்களைச் சொல்கிறான் என்று நினைத்தாள். நின்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள், நாலைந்து பேர் நகர்ந்து முன்னால் போய் உட்கார்ந்தார்கள். ஒன்பது அடிக்குள் இருந்த முன்வரிசைக்காரர்களுக்கு மட்டும் அவன் சொந்தக் குரல் நேராகப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் மொத்தமாகத் திரும்பிப் பின்னால் அவளைப் பார்த்தார்கள். முன்வரிசை திரும்பிப் பார்த்தால் சவுண்ட் சரியில்லை என்று அர்த்தம். சவுண்ட் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அவள் பதறிப்போய்க் குமிழைத் திருகினாள். அவள் வரவில்லை என்று கண்டு அவன் கடைசிப் பாட்டை எடுத்தான்.

வருஷத்துக்கு ஓரடி வீதம் குரல் குறைந்துகொண்டே வந்தது. எட்டு, ஏழு, ஆறு. ஊர்க்காரர்கள் பெயரை மாற்றவில்லை, ஒன்பதடி என்றே கூப்பிட்டார்கள். அது நாலடியான வருஷம் வீட்டுச் சாப்பாட்டு மேசை பிரச்சினையானது, ஏனென்றால் மேசை நாலரை அடி. எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடுவது அவர்கள் பழக்கம். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அவள் என்ன செய்தாள்? பழைய மிக்சர் டப்பாவைப் பார்த்து ஃபில்டர் உட்பட அதே போல இன்னொரு குட்டி டப்பா கட்டி, மேசைமேல் ஒரு மைக்கும் பெட்டியும் வைத்துக் கொடுத்தாள். குழம்பு வேணும், கதவைச் சாத்து, நாளைக்குப் பத்து மணிக்குக் கிளம்பணும் எல்லாம் தெளிவாகக் கேட்டது. அக்கா மட்டும் வரவில்லை. இவன் இப்போதெல்லாம் என்னை அக்கா என்று கூப்பிடுவதே இல்லையே என்று அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. கேட்டுவிடலாம் என்று பலதடவை நினைத்தாள். கேட்டு வாங்குகிற சொல்லா அது என்று விட்டுவிட்டாள். கூப்பிட்டால் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லையே என்று அவன் பக்கமும் ஒரு வருத்தம். அவன் மேசையைத் தட்டிக் கூப்பிடப் பழகிக்கொண்டான். இரண்டு பேரும் ரோஷக்காரர்கள்.

மிக்சர் டப்பா கனத்துக்கொண்டே வந்தது. கட்டி முடித்தபோது அது ஆறு கிலோ. எட்டாவது வருஷம் அவளால் அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு மாடி ஏற முடியவில்லை. வயசாகிறது என்று நினைத்துத் தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டாள். அந்த வருஷம் முன்வரிசையில் திரும்பிப் பார்ப்பவர்கள் மூன்று பேர், அப்புறம் இரண்டு பேர், அப்புறம் எந்தக் கச்சேரிக்கும் முதல் நாற்காலியைப் பிடித்துவிடுகிற ஜெராக்ஸ்காரர் மட்டும். ஒன்பதாவது வருஷம் குரல் அவன் உதட்டைத் தாண்டவில்லை. கிதாரில் ஒட்டி அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் ஒன்றை அவன் நெஞ்செலும்பில் ஒட்டினாள். அன்றைக்கு ஜெராக்ஸ்காரர்கூடத் திரும்பவில்லை. ஒருவரும் திரும்பவில்லை. கச்சேரி முடிந்ததும் அவள் முகமெல்லாம் சிரிப்பாக அவரிடம், "பாத்தீங்களா, ஒருத்தர்கூடத் திரும்பல. ஒம்பது வருஷத்துல இன்னிக்குத்தான் சிஸ்டம் சரியாச்சு. அடுத்த தடவை நான் முன்னாடி உக்காரப் போறேன்" என்றாள்.

அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை. பதினொரு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவன் மேசையைத் தட்டாமலே போய்விட்டான். டாக்டர் இதயம் என்று எழுதினார். குரல் போன வழியிலேயே மிச்சமும் உள்ளே போய்விட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவள் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் துணி போட்டு மூடிவிட்டு, மறுவாரம் கடையைத் திறந்தாள்.

ஏழு மாதம் கழித்து, பள்ளிக்கூடங்களில் கதை சொல்கிற பெண் ஒருத்தி வாடகைக்கு சிஸ்டம் கேட்டு வந்தாள். மிக்சரை இறக்க ஜெராக்ஸ்காரர் கைகொடுத்தார். முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தவர், "அவன் கூப்பிட்டப்ப ஒரு தடவையாவது நீங்க வந்திருக்கலாம்க்கா" என்றார்.

"யாரு கூப்பிட்டா?"

"அவன்தான். ஒவ்வொரு தடவையும் கடைசிப் பாட்டுக்கு முன்னாடி. அக்கா, போதும், முன்னாடி வந்து உக்காருங்கனு. நாங்கல்லாம் திரும்பித் திரும்பிப் பாப்போமே."

"நிக்கறவங்களைச் சொல்றான்னு..." என்று ஆரம்பித்து அவள் நிறுத்திக்கொண்டாள். "அக்கான்னா சொன்னான்?"

"முதல் நாற்காலிக்காரன் எனக்குத் தெரியாதா? கடைசிக் கச்சேரில எனக்கே கேக்கல, வாயைப் பாத்தேன். நீங்க வேணும்னுதான் வரலைனு நெனச்சிட்டிருந்தேன். அக்கா தம்பிக்குள்ள ஆயிரம் இருக்கும், நான் எப்படிக் கேக்கறது?"

அவள் மிக்சரின் மூடியைத் திறந்து அந்தத் தைல டப்பாவைத் தொட்டாள். உள்ளங்கையில் அடங்குகிற டப்பா, இரண்டு கையாலும் தூக்க முடியவில்லை. சால்டரிங் கம்பியைச் சூடாக்கி ஃபில்டரின் ஒரு கம்பிக்காலை விடுவித்தாள். முதல் "அக்கா" வெளியே வந்தது. புத்தகங்கள் சத்தத்தைக் குடித்துவிடுகிற வறண்ட குரல், நூலகம் என்று கண்டுபிடித்துவிட்டாள். அடுத்தது நீளமாக இழுத்து எதிரொலித்தது, ஆஸ்பத்திரிக் கூடம். சளி பிடித்த ஒன்று வந்தது, சிரிப்போடு ஒன்று வந்தது, திடல் காற்றில் பாதி பறந்துபோன ஒன்று வந்தது. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. அவற்றுக்கு நடுவே ஒன்றுகூட இல்லை, அவன் கோபமாகக் கூப்பிட்டது. கடைசிப் பக்கம் வந்தவை மெலிந்துகொண்டே போய் வெறும் மூச்சாகி நின்றன. அவள் மேலே ஓடிப்போய் மேசை டப்பாவையும் கொண்டுவந்து பிரித்தாள். அதில் எண்ண முடியவில்லை, வீட்டில் மனிதன் எத்தனை தடவைதான் கூப்பிட மாட்டான்! ஜெராக்ஸ்காரர் தன் மெஷினை அணைத்துவிட்டுக் கடைவாசலில் நின்றார். ஒவ்வொன்றுக்கும் அவள் என்னடா, என்னடா என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள், தொண்டை கட்டுகிறவரை. பிறகு டப்பாவைத் தூக்கிப் பார்த்தாள். வெறும் தகரத்தின் எடைதான் இருந்தது.

ஃபில்டரை அவள் திரும்ப மாட்டவில்லை. அதனால் சிஸ்டத்துக்குப் பழைய குறை திரும்பிவிட்டது, ஆனால் இந்தத் தடவை ஊளையாக வரவில்லை. கதை சொல்கிறவளோ, புல்லாங்குழல்காரரோ, யார் வாடகைக்கு எடுத்தாலும் கடைசி உருப்படிக்கு முன்னால் பெட்டி ஒரு தடவை அக்கா என்று கூப்பிட்டது. நிறுத்திய பஸ்ஸுக்குப் பழகியதைப் போலவே ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. வாடகைச் சீட்டின் அடியில் அவள் கையால் எழுதிக் கொடுப்பாள்: கடைசியில் ஒரு முறை கூப்பிடும், பழுது அல்ல, முன்வரிசையில் ஒரு நாற்காலி விடவும். மிக்சரை ஜெராக்ஸ்காரர் பார்த்துக்கொள்கிறார். பார்த்துக்கொள்வது என்றால், எதையும் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. பெட்டி கூப்பிடும்போது இப்போது முன்வரிசை யாரும் பின்னால் திரும்புவதில்லை. முதல் நாற்காலியில் அவள் இருக்கிறாள். "வந்துட்டேன்டா" என்கிறாள். பெட்டி கேட்டுக்கொள்கிறது, நிகழ்ச்சி மேலே நடக்கிறது.