நெற்றியில் ஒரு டாலர்

வாய்க்கரிசி போடக் குனிந்த யோகலட்சுமியின் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. அப்பாவின் நெற்றியில் இருந்தது ஒரு ரூபாய்க் காசு இல்லை. மூட்டை மேல் உட்கார்ந்து கை நீட்டும் வெள்ளைக்காரப் பெண், கீழே 1880. அட பாவமே, அமெரிக்க டாலர்!

அப்பா சேவுகப்பெருமாள் சேர்த்த வெள்ளிக் காசுகளிலேயே அதுதான் ராஜா. கடைத்தெருவில் புழங்குவதற்காக அடித்ததல்ல. சேகரிப்பவர்களுக்கென்றே கண்ணாடி மாதிரி அடித்த புரூஃப் காசு. துணியால் ஒரு துடை துடைத்தாலே அதன் முகம் போய்விடும். மனுஷன் அதை விளிம்பில்தான் பிடிப்பார், மூச்சைக்கூட அந்தப் பக்கம் திரும்பித்தான் விடுவார். கட்டின பெண்டாட்டி ஈஸ்வரியே அதைத் தொட்டது கிடையாது. நேற்று சாயங்காலம் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோதும் மகளிடம் கேட்டது அதைத்தான்.

"அந்த டாலரு மேல யாரு கையும் படாமப் பாத்துக்க ஆத்தா."

"படாதுப்பா" என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. சித்தப்பா அவசரப்படுத்தினார். "போட்டவுக அங்குட்டு ஒதுங்குங்க. தூக்கணும்."

தூக்கினால் முடிந்தது கதை. நெற்றிக்காசு சுடுகாட்டில் எரிப்பவருக்கு. யாரும் திருப்பிக் கேட்க முடியாது. யோகலட்சுமி பர்ஸிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து உள்ளங்கையில் மறைத்துக்கொண்டாள். இன்னொரு பிடி அரிசி போடும் சாக்கில் மாற்றிவிடலாம் என்று குனிந்தாள். ஈஸ்வரி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நாந்தேன்டி வச்சேன். நாப்பது வருசமா என்னைய அதைத் தொட விட்டாகளா? கறுத்துப்போயிக் கெடந்துச்சு. விபூதி போட்டு அழுத்தி வெளக்கினேன். அந்த வெள்ளைக்காரச்சியையும் கூட்டிக்கிட்டே போகட்டும்."

காசின் முகமெங்கும் வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். பாவி அம்மா, கெடுத்துவிட்டாயே என்று கத்த வாய் வரைக்கும் வந்துவிட்டது யோகலட்சுமிக்கு.

"நல்லா மின்னுதாடி?" என்று கேட்டாள் அம்மா. அழுது வீங்கிய முகத்தில் ஒரு சின்னப் பெருமை.

யோகலட்சுமி ஒரு ரூபாயைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"மின்னுதும்மா."

தூக்கினார்கள். தலை லேசாகச் சாய்ந்ததில், உலர்ந்த சந்தனத்திலிருந்து டாலர் வழுக்கி விழுந்தது. யோகலட்சுமி பாய்ந்து பிடித்தாள். பிறகு இரண்டு விரலால் விளிம்பை மட்டும் பற்றி, மூச்சை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, அதை அப்பாவின் நெற்றியிலேயே திரும்ப வைத்தாள்.