நாற்காலிகளை எடுத்த அதிகாரி

வெளிநோயாளிகள் பிரிவில் நாற்காலிகளை எடுத்த மறுநாளிலிருந்து, காத்திருந்தவர்கள் காற்றில் உட்காரத் தொடங்கினார்கள். சீட்டுப் பதியும் கவுன்டரில் ஆரம்பித்து மருந்து கொடுக்கும் ஜன்னல் வரை, முழங்கால் உயரத்தில், முதுகைச் சாய்த்து, வரிசையாக. தரை துடைக்கும் அம்மாவுக்கு ஏக சந்தோஷம். "அப்பாடா, இப்பத்தான் நிம்மதியா மாப் போட முடியுது" என்றாள்.

எடுக்கச் சொன்னவர் ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரி. உட்கார இடம் இருப்பதால்தான் கூட்டம் தேங்குகிறது, நிற்கவைத்தால் தானாக நகரும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. கூட்டமாவது நகர்வதாவது! டாக்டர்கள் வருகிற நேரத்துக்குத்தான் வந்தார்கள். ஆனாலும் நடைபாதை அகலமாகி, ஸ்ட்ரெச்சர் தங்குதடையில்லாமல் போயிற்று. அதைப் பார்க்க மேலிடத்திலிருந்து ஒரு பெரிய டாக்டர் வந்ததும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று மூட்டுவலிக்காரர்கள் வரிசையில் அதிகாரியின் அக்காவும் இருந்தாள். அப்பா அம்மா போன பிறகு நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து அவரைப் படிக்கவைத்தவள். தம்பிக்கு எதற்குத் தொந்தரவு என்று சொல்லாமலே வந்திருந்தாள். அவரைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

"யாருங்க அவங்க, உங்களையே பாத்துச் சிரிக்கிறாங்க?" என்றார் பெரிய டாக்டர்.

அதிகாரி அக்காவின் செருப்பைப் பார்த்தார். அறுந்த வாரில் ஊக்கு குத்தியிருந்தது.

"யாரோ பேஷண்ட் சார்."

அந்த வரிசையில் அக்கா மட்டும் மெல்லத் தரைக்கு இறங்கினாள். விழவில்லை, காற்று அவளைத் தாங்குவதை நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவர்கள் எதுவும் காதில் விழாதது போல வேறு பக்கம் பார்த்தார்கள். அக்கா சுவரைப் பிடித்து எழுந்து, "தெரிஞ்ச பிள்ளை மாதிரி இருந்துச்சுங்கய்யா, அதான்" என்றாள். அதிகாரிக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

அடுத்த வாரமே அவர் சொல்லி நாற்காலிகள் திரும்பி வந்தன. எல்லாரும் உட்கார்ந்தார்கள். அதிகாரியை மட்டும் எந்த இருக்கையும் தாங்கவில்லை. உட்காரப் போனால் தண்ணீர் மாதிரி வழிவிட்டது. அலுவலகத்தில் காரணம் கேட்காமல் உயரமான மேசை ஒன்று போட்டுக்கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போவார். முகத்தில் முழிக்க வெட்கப்பட்டு வாசலிலேயே நிற்பவரை அவள்தான் கையைப் பிடித்து உள்ளே இழுப்பாள். சோறு போட்டுவிட்டு, மறந்துபோய் ஸ்டூலையும் இழுத்துப் போடுவாள்.

"உக்காருடா."

"இருக்கட்டும்க்கா."

அவர் நின்றபடியே சாப்பிடுவார். அவளும் தன் தட்டை எடுத்துக்கொண்டு, அந்த மூட்டுவலியோடு, பக்கத்தில் வந்து நின்று சாப்பிடுவாள்.