நடுவில் இருந்த எண்

அப்பாவுக்கு நூற்று நாற்பத்தொன்பது வயது என்றது ராஜபாளையம் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர். 1954 மார்கழியில் பிறந்தவர், இடுப்பெலும்பு முறிந்து ஸ்ட்ரெச்சரில் கிடந்தார்.

தப்பு என்னுடையது. காப்பீட்டு அட்டை எடுத்தபோது ஜாதகத்தைப் பார்த்து வருடம் சொன்னவன் நான்தான். கலி 5055, சாலிவாகன சகம் 1876, கொல்லம் 1130 என்று அதில் ஒரே வருடத்துக்கு மூன்று எண்கள் இருந்தன. இங்கிலீஷ் வருடம் போலத் தெரிந்த நடு எண்ணை அவசரத்தில் வாசித்துவிட்டேன். பதிந்த புண்ணியவானும் யோசிக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு ஓடி, ஜாதகத்தை எடுத்து வந்து கவுன்டரில் நீட்டினேன். அங்கிருந்த பாண்டிசெல்வி பொறுமையாகப் படித்தாள்.

“இதுல 1954 எங்க சார் இருக்கு?”

“மூணுமே 1954தாம்மா.”

“நீங்க சொன்னா நான் நம்புவேன் சார். கம்ப்யூட்டர் நூத்தி இருபது வயசுக்கு மேல எடுக்காது. அட்டையத் திருத்திட்டு வாங்க. பத்து நாள் ஆகும். அதுக்குப் பொறவுதான் ஆபரேஷன்.”

“எத்தன நாளாம்டா, மது?” என்றார் அப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு.

ஜாதகத்தை மடித்துப் பையில் வைத்தேன். எந்தப் பஞ்சாங்கத்தில் பார்த்தாலும் பத்து நாள், பத்து நாள்தான்.