நிரந்தரமாக மூடப்பட்டது

கணவன் முனிராஜ் இறந்த பதினேழாம் நாள், பெங்களூரு ஆடுகோடியில் இருவரும் நடத்திவந்த மெஸ்ஸை ஜானகி மறுபடி திறந்தாள். ஒரு வாரமாகியும் மத்தியானக் கூட்டம் வரவில்லை. மாடிவீட்டு ஷில்பா போனில் தேடிப் பார்த்தாள்.

“அக்கா, மேப்ல நம்ம மெஸ்ஸ நிரந்தரமா மூடிட்டாங்கன்னு காட்டுது. பூட்டியிருந்தத பாத்து யாரோ போட்டுட்டாங்க.”

ஜானகிக்குக் கோபம்கூட வரவில்லை. ஷில்பாவே அதைத் திருத்தி, சாப்பாட்டுப் படங்களையும் புதிதாக ஏற்றினாள். மூன்றாம் நாள் பழைய ஆபீஸ்காரர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். சாயங்காலம் அவர்களில் ஒருவர் ஐந்து ஸ்டார் கொடுத்து எழுதியிருந்தார்: ‘ருசி அப்படியே இருக்கிறது. அண்ணன் எங்கே, காணோம்?’

ஷில்பா அதைப் படித்துக் காட்டினாள். “என்னக்கா பதில் போடட்டும்?”

ஜானகி மறுநாளைக்கான துவரம்பருப்பை அளந்துகொண்டிருந்தாள்.

“நாளைக்கும் கடை உண்டுன்னு போடு,” என்றாள்.