பத்தொன்பது பேர்

"நிறுத்துங்க! கேமரா ஓடுது!"

சவப்பெட்டியைச் சுமந்து வந்த எட்டுப் பேரும் மலைப்பாதை வளைவில் அப்படியே நின்றார்கள். தலையில் வெள்ளைத் துணி கட்டிய சூச்சின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். பாதையின் குறுக்கே சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் வாக்கி டாக்கியோடு ஓர் இளம்பெண் நின்றிருந்தாள்.

"பெரியம்மா, ஒரே ஒரு ஷாட். அஞ்சே நிமிஷம். அந்தக் குழல் ஊதுறவங்கள மட்டும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க."

"எங்கப்பா பெட்டிம்மா அது. குழிக்குப் போற வரைக்கும் தரையத் தொடக் கூடாது."

"புரியுது பெரியம்மா. அஞ்சே நிமிஷம்."

"அக்கா, சீக்கிரம் பேசி முடி" என்று பின்னாலிருந்து தம்பி ஷுவான்சு கத்தினான். "இவனுங்க தோளு கழண்டுரும்."

அப்பா மியாவ் சாங்கெங் முந்தாநாள் காலையில் இறந்துபோனார். தினைக் கஞ்சியில் இரண்டு வாய் குடித்துவிட்டு, "ஆபீஸ்லேர்ந்து கடுதாசி வந்துதா?" என்று கேட்டார். தினமும் கேட்கிற கேள்விதான். "வரல. வந்தா சொல்ல மாட்டேனா?" என்று சூச்சின் எரிந்து விழுந்துவிட்டு, முட்டைக்கோசு நறுக்கப் போனாள். திரும்பி வந்தபோது கஞ்சி இன்னும் சூடாகவே இருந்தது.

ஜப்பான்காரன் படையெடுத்து வந்த காலத்தில், அவனை எதிர்த்த படையில் அப்பா சமையல்காரர். தண்ணீர் எடுக்க ஆற்றுக்கு இறங்கிப் போனவர், ஏறி வந்தபோது மேலே கூட இருந்த பத்தொன்பது பேரும் செத்துக் கிடந்தார்கள். பழைய செங்கல் சூளைக்குள் எல்லோரையும் ஒற்றை ஆளாக இழுத்துப் போட்டு மண்ணைத் தள்ளி மூடினார். போர் முடிந்ததும், அவர்களைக் 'காணாமல் போனவர்கள்' என்று அரசாங்கத் தாளில் எழுதிவிட்டார்கள்.

"காணாமப் போனாங்களா? நான்தான்யா புதைச்சேன்!" என்று மாவட்ட அலுவலகத்தில் அப்பா மேசையைத் தட்டியது சூச்சினுக்கு நினைவிருக்கிறது. அவரை சைக்கிளில் வைத்து அவள் எத்தனை தடவை கூட்டிப் போயிருப்பாள்! சூளையைத் தோண்டிப் பாருங்கள் என்றால், மலையில் கடப்பாரை வைக்க அனுமதி இல்லை என்றார்கள்.

கயிற்றுக்கு அப்பால் அதே மலைச்சரிவில் வரிசையாக நாற்பது குழிகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றிலிருந்தும் கறுப்பு வயர் ஓடியது.

"இது என்ன?"

"வெடி, பெரியம்மா. குண்டு விழற மாதிரி காட்டணும்ல."

"யாரு அனுமதி குடுத்தா?"

"மாவட்டத்துலதான். சீல் வச்ச கடுதாசி இருக்கு, காட்டட்டுமா?" பெண் பெருமையாகவே சொன்னாள். "நல்ல படம் பெரியம்மா. மறக்கப்பட்ட வீரர்களுக்கு மரியாதை செய்யற படம்."

சூச்சின் கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே போனாள். பின்னால் அந்தப் பெண் கூப்பிட்டது காதில் விழுந்தும் நிற்கவில்லை.

சூளை மேட்டில் கல்லறைக் கற்கள் நின்றன. தட்டிப் பார்த்தாள். பிளாஸ்டர். முன்பக்கம் பெயர்கள் எழுதியிருந்தன. அப்பா சொன்ன பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. வண்ண டப்பாவோடு குந்தியிருந்த கிழவர் நிமிர்ந்து பார்த்தார். படப்பிடிப்பு ஆட்கள் அவரை கூ மாஸ்டர் என்று அழைத்தார்கள்.

"யாரு பேருண்ணே இதெல்லாம்?"

"கதை எழுதினவர் போட்டுக் குடுத்தது. சும்மா பேருங்க."

"நெசமான ஆளுங்க இதுக்குக் கீழ கெடக்கறாங்க. பத்தொன்பது பேர். எனக்கு மனப்பாடம்."

அவர் சரிவில் நின்ற பெட்டியையும் அவள் தலைத்துணியையும் பார்த்தார். தூரிகையைக் கையில் எடுத்தார். "கல்லுக்குப் பின்பக்கம் கேமராவுல தெரியாது. சொல்லு தங்கச்சி, எழுதறேன்."

"லின் ஷெங்."

"எந்த ஷெங்? வெற்றின்னு எழுதற ஷெங்கா, பொறப்புன்னு எழுதறதா, உதயம்னு எழுதறதா?"

ஒரே சத்தத்துக்குப் பல எழுத்துகள். அலுவலகத்திலும் இதே கேள்விதான். எழுத்து மாறினால் ஆளே வேறு, பதிவேட்டோடு ஒத்துப்போகவில்லை என்று மனுவைத் திருப்பித் தள்ளினார்கள். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவரிடம் இருந்ததெல்லாம் வெறும் சத்தம்தான், அறுபத்திரண்டு வருடமாக.

"எனக்கு எப்படித் தெரியும்?" குரல் உடைந்து கிறீச்சிட்டது. "ஏதாவது ஒண்ண எழுதுங்களேன்! எதா இருந்தா என்ன?"

"தப்பா எழுதினா அது வேற எவனோட பேராவோ போயிரும் தங்கச்சி."

"அடுத்தது யான் குவெய். அப்புறம் அம்மைத்தழும்பு ஹாவ், அவருக்கு அந்தப் பேரு மட்டுந்தான். சௌ ஃபூ..."

ஏழு பெயர்தான் ஆகியிருந்தது. "வழி விட்டுட்டாங்க! வாக்கா! நேரமாவுது!" என்று ஷுவான்சு அலறினான். பெட்டி ஆடி ஆடி மேலேறியது. சீருடை மாட்டிய துணை நடிகர்கள் வேகவைத்த ரொட்டியை மென்றபடி ஒதுங்கி நின்றார்கள். ஒருவன் மெல்லுவதை நிறுத்தினான்.

மதியத்துக்கு முன்பே மண் தள்ளி முடித்தார்கள். ஷுவான்சு செத்தவருக்கென்று காகிதப் பணம் கொளுத்தும்போது கீழே முதல் வெடி வெடித்தது. குவித்த மண்ணிலிருந்து சில கட்டிகள் உருண்டு அவள் காலடியில் வந்து நின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேலே வைத்தாள். மறு வெடியில் அவை திரும்பவும் உருண்டன.

போன வழியே திரும்பக் கூடாது என்பது ஊர் வழக்கம். மற்றவர்கள் ஆற்றுப் பக்கமாக இறங்கினார்கள். சூச்சின் சூளை மேட்டுக்கு வந்தாள்.

முதல் கல்லின் பின்பக்கம் லின் ஷெங் என்று மூன்று தடவை எழுதியிருந்தது, வெற்றி ஒன்று, பிறப்பு ஒன்று, உதயம் ஒன்று. அடுத்த கல்லில் யான் குவெய், இரண்டு விதமாக. அம்மைத்தழும்பு ஹாவ் மட்டும் ஒரே விதமாக, பெரிய எழுத்தில். வண்ணம் இன்னும் காயவில்லை.

"பெரியம்மா, ஷாட்ல நிக்கறீங்க! தள்ளுங்க!" கீழேயிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

கூ மாஸ்டர் எட்டாவது கல்லின் பின்னால் குந்தியிருந்தார். சூச்சின் அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"து மான்சாங்" என்றாள்.

அவர் தூரிகையை டப்பாவில் தோய்த்தார்.